கில்ட் வாங்குவது: அளவு கொடுத்துத் தைப்பதா, ஆயத்தமாகத் தொங்குவதை எடுப்பதா?

அபர்தீன்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக அபர்தீனில் வேலை பார்க்கிறேன். வரும் செப்டம்பரில் உடன் பணிபுரியும் நண்பருக்கு ஸ்டர்லிங் அருகே திருமணம். மாப்பிள்ளைத் தோழர்கள் நால்வரில் நானும் ஒருவன். நால்வரும் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் முழங்காலளவுக் கொசுவ உடை, அணிய வேண்டும் என்பது மணமகனின் விருப்பம். ஆனால் எல்லோரும் ஒரே டார்ட்டனில், அதாவது ஒரே கட்ட வடிவத் துணியில், வர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார். வாடகைக்கு எடுத்துக்கொண்டால் அன்றோடு கவலை தீர்ந்துவிடும் என்பது தெரியும். இருப்பினும் ஜனவரி 25 அன்று நடக்கும் கவிஞர் பர்ன்ஸ் நினைவு விருந்து, நவம்பர் 30 அன்று வரும் புனித ஆண்ட்ரூ நாள், இடையிடையே கேய்லி நடனம் என்று ஆண்டுக்கு நான்கைந்து முறை கில்ட் தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் யாரோ உடுத்தியதை வாங்கி உடுத்துவதற்குப் பதிலாகச் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

குழப்பம் கடைக்குப் போன பிறகுதான் தொடங்கியது. எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் ஒரு கடையில் 60 பவுண்டுக்குக் கில்ட் தொங்குகிறது. அதே நகரில் அளவெடுத்துக் கையால் தைத்துத் தருபவரிடம் விசாரித்தால் 680 பவுண்டு, பத்து வாரம் காத்திருக்க வேண்டும் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கட்டம் போட்ட கொசுவத் துணியாகத்தான் தெரிகின்றன. விலை பத்து மடங்குக்கு மேல் ஏறுவது துணியினாலா, தையலினாலா, அல்லது பெயருக்காகவா? என் இடுப்பளவு 34 அங்குலம், உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். எந்த ஸ்காட்டிஷ் குலத்தையும் சேராத நான் எந்த டார்ட்டனை அணிந்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

ஊசிநூல்:

ஈரோட்டில் அப்பாவின் தையற்கடையில் வளர்ந்தவன் நான். இப்போது டண்டீயில் உடை திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கில்ட் தைப்பதைத் தனியே ஒரு பயிற்சியில் சேர்ந்து கற்றேன். இருபது ஆண்டுகள் சட்டையும் கால்சட்டையும் தைத்த கைக்கு முதல் கில்ட்டை முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

முறையான ஆண்கள் கில்ட்டுக்கு 8 கெஜம் துணி வேண்டும். மடிசாருக்கு 9 கெஜம் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை. தறியில் இரட்டை அகலத்தில் நெய்த 4 கெஜம் கம்பளித் துணியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு துண்டுகளையும் இணைத்து 8 கெஜம் ஆக்குகிறோம். இணைத்த இடம் ஏதாவது ஒரு மடிப்புக்குள் மறைந்துவிடும். இப்படிச் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. துணியின் ஓரம், அதாவது தறியிலேயே நூல் திரும்பி இறுகிய அந்த விளிம்பு, கில்ட்டின் கீழ் விளிம்பாக அமைந்துவிடுவதால் அதை மடித்து அடிக்க வேண்டியதே இல்லை. நீங்கள் கடையில் பார்த்த 60 பவுண்டுக் கில்ட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள்; பெரும்பாலும் ஓரம் மடித்து இயந்திரத்தில் ஓட்டிய தையல் வட்டமாகப் போகும். அந்தத் தடிப்பினால் மடிப்புகளின் அடி விறைத்து நிற்கும், நடக்கும்போது வீச்சு வராது.

அடுத்தது பின்பக்க மடிப்பு. டார்ட்டனில் கட்டங்கள் ஒருமுறை முழுதாக வந்து மறுபடி தொடங்கும் அளவை 'செட்' என்பார்கள். கையால் தைப்பவர் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் சரியாக ஒரு செட்டை மடித்து உள்ளே தள்ளுவார். வெளியே தெரியும் கீற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மடிக்காத துணியைப் போலவே அதே கட்டத்தைப் பின்பக்கத்திலும் காட்டும். இதற்கு மாறாக ஒரே கோடு ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் வரும்படி மடிப்பது படைவீரர்களின் வழக்கம். இரண்டில் எதுவானாலும், செட் பெரிதாக இருந்தால் மடிப்பு ஆழமாகும், எண்ணிக்கை குறையும். சிறிதாக இருந்தால் மடிப்புகள் முப்பதையும் தாண்டலாம். எனவே எத்தனை மடிப்பு என்பதைத் துணியும் உங்கள் பின்னளவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அத்தனை மடிப்புகளும் பின்புறத்தின் அகன்ற இடத்திலிருந்து இடுப்புக்கு ஏறும்போது ஒவ்வொன்றாக ஒடுங்க வேண்டும், ஒடுங்கும்போதும் கட்டத்தின் குறுக்குக் கோடுகள் பிசகக் கூடாது. நேரம் போவது இங்கேதான். தைத்து முடித்த பிறகு உள்ளே மிகுந்த துணியை வெட்டி நீக்கி, கேன்வாஸ் வைத்து, அதன்மேல் லைனிங் கொடுக்கிறோம். பக்கிளை இறுக்கும்போது வரும் இழுவையைக் கேன்வாஸ் தாங்கிக்கொள்வதால் மடிப்புத் தையல்கள் பிரிவதில்லை.

இனி உங்கள் 34 அங்குலத்துக்கு வருகிறேன். அது கால்சட்டை அளவு. கில்ட்டுக்கு அது செல்லாது. கில்ட் தொப்புள் மட்டத்தில் அமரும். தொப்புள் மட்டத்துச் சுற்றளவு, பின்புறத்தின் அகன்ற இடத்துச் சுற்றளவு, இடுப்பிலிருந்து முழங்கால் சிப்பியின் நடு வரையிலான நீளம் ஆகிய மூன்றையும் வேறொருவரை வைத்து அளந்து சொல்லுங்கள். ஆயத்தக் கில்ட்டுகளில் நீளம் பெரும்பாலும் 24 அங்குலம் என்று நிலையாக இருக்கும். ஐந்தடி ஆறு அங்குல உயரக்காரருக்கு அது முழங்காலை மூடிவிடும் என்பதே என் கணிப்பு. இடுப்பு கொஞ்சம் தளர்ந்தால் பக்கிளை நகர்த்தித் தைத்துக் கொடுக்கலாம். நீளத்தைக் குறைப்பதற்கோ மேலே வெட்டினால் மடிப்புத் தையல் முழுவதையும் பிரித்தாக வேண்டும், கீழே வெட்டினால் ஓரம் போய்விடும். அந்த வேலைக்கு நான் கேட்கும் கூலி உங்கள் 60 பவுண்டைத் தாண்டும். ஆகவே துணியையும் பெயரையும் விட முதலில் நீளத்தைப் பாருங்கள்.

கிளைட்கரையோன்:

ஊசிநூல் அண்ணன் சொன்ன தொழில் நுட்பத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஆயத்தக் கில்ட் என்றாலே குப்பை என்ற எண்ணத்தோடு இந்த இழையைப் படித்து முடிப்பது நியாயமாகாது. கிளாஸ்கோவில் பேக்பைப் (காற்றுப்பை வைத்த குழல் வாத்தியம்) குழு ஒன்றில் டிரம் வாசிக்கிறேன். என்னிடம் இரண்டும் இருக்கின்றன.

குழுவுக்கு உடுத்துவது 16 அவுன்ஸ் கம்பளி, 8 கெஜம், கைத்தையல். கெஜத்துக்கு 16 அவுன்ஸ் என்ற கணக்கு இரட்டை அகலத் துணிக்கானது. 4 கெஜம் என்றால் 4 பவுண்டு எடை, ஏறக்குறைய 1.8 கிலோ. அதே கில்ட் 13 அவுன்ஸ் துணியில் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் புல்வெளியில் நடக்கும் உலகப் பேக்பைப் குழுப் போட்டியின்போது காற்றும் மழையும் மாறி மாறி அடித்தாலும் அந்த எடைதான் மடிப்புகளைக் கலையாமல் தொங்க வைக்கிறது. அதே உடையோடு மூடிய மண்டபத்தில் இரண்டு மணி நேரம் கேய்லி ஆடிப் பாருங்கள், குளித்து எழுந்தது போல் ஆகிவிடும். திருமணமும் நடனமும்தான் உங்கள் தேவை என்றால் 16 பக்கம் போகாதீர்கள், 13 போதும்.

இரண்டாவது கில்ட் பாலியெஸ்டரும் விஸ்கோசும் கலந்த துணி. மலையேறப் போவதற்கும், கால்பந்து பார்க்கப் போவதற்கும், சேறு தெறித்தால் வீட்டிலேயே துவைத்துக் காயப்போடுவதற்கும் அதைவிட வசதி கிடையாது. கம்பளியை இப்படி நடத்த முடியாது. வளரும் பிள்ளைக்கு 600 பவுண்டுக்குத் தைத்துக் கொடுப்பதையும் நான் அறிவுடைமை என்று சொல்லமாட்டேன். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதை யாரும் சொல்லவில்லை: உங்கள் அளவைக் கொடுத்தால் 5 கெஜத்தில், இயந்திரத் தையலில் தைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். மடிப்பின் ஆழம் குறையும். ஆனால் நீளம் உங்களுடையதாக இருக்கும். விலையும் கைத்தையலில் பாதிக்குக் கீழேதான்.

மலிவு விலைக் கில்ட்டுகளில் பல பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுபவை. படைப்பிரிவுகளுக்குப் பேக்பைப்பும் சீருடையும் செய்து பழகிய ஊர் அது. கைத்திறனுக்கு அங்கே குறைவில்லை. 60 பவுண்டுக்குள் துணி, கூலி, கப்பல், கடை வாடகை எல்லாம் அடங்க வேண்டும் என்று நாம் கேட்கும்போது 8 கெஜம் 5 ஆகிறது, கம்பளி அக்ரிலிக் ஆகிறது, தோல்பட்டையின் இடத்தில் வெல்க்ரோ வருகிறது. எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில்: 'ஸ்காட்லாந்தில் வடிவமைக்கப்பட்டது' என்று சீட்டில் அச்சடித்து, வாங்குகிறவர் அதை 'ஸ்காட்லாந்தில் தைக்கப்பட்டது' என்று படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் தந்திரம். சீட்டை நிதானமாகப் படியுங்கள்.

டார்ட்டனைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1746ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலைநாட்டு உடை தடை செய்யப்பட்டு, 1782இல் தடை நீங்கியது; 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது ஊரே டார்ட்டன் போர்த்திக்கொண்டது. குலத்துக்கு ஒன்று என்ற ஒழுங்கு பெரும்பாலும் அதையொட்டிய காலத்தில் இறுகியதுதான். பிளாக் வாட்ச், ஐல் ஆஃப் ஸ்கை போன்ற டார்ட்டன்களை யார் வேண்டுமானாலும் அணியலாம். அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் போன்ற ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிடுங்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஸ்காட்டிஷ் டார்ட்டன் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

நெய்தல்:

என் பட்டமளிப்பு விழாவுக்கு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஆயத்தக் கில்ட் வாங்கினேன், பெயர் வேண்டாம். விழாவுக்கு முந்தின நாள் இஸ்திரிப்பெட்டியைக் கொஞ்சம் சூடாக வைத்துவிட்டேன் போலும், அக்ரிலிக் துணி பட்ட இடமெல்லாம் கண்ணாடி போல மினுங்கிற்று. விழா மண்டபத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தபோது பின்மடிப்புகள் விசிறி போல விரிந்துவிட்டன. திருப்பி அனுப்பவும் வழியில்லை, ஏனென்றால் இஸ்திரி போட்டது என் குற்றம்.

அதன்பின் நான் செய்ததை உங்களுக்கும் சொல்கிறேன். வாடகைக் கடைகள் சில ஆண்டுகள் ஓடிய கில்ட்டுகளை அவ்வப்போது விற்றுவிடுகின்றன. எனக்கு நல்ல கம்பளிக் கில்ட் ஒன்று 130 பவுண்டுக்குக் கிடைத்தது. பலருக்கும் பொருந்தும்படி பக்கிள் வைத்திருப்பார்கள் என்பதால் இடுப்புப் பிரச்சினை இல்லை. நீளம் மட்டும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

அபர்தீன்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மனைவியை வைத்து அளந்தேன். தொப்புள் மட்டத்தில் 37 அங்குலம் (34 என்று சொல்லித் திரிந்த எனக்கு இது தனித் துக்கம்), பின்புறம் 40, நீளம் இருபத்திரண்டரை. ராயல் மைல் கடையை மறுபடி தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். எல்லாம் 24 அங்குலம்தான் என்றார்கள். வாடகைக் கடைகளில் விசாரித்தேன், விற்பனைக்கு இருப்பவையும் எனக்கு நீளம். எனவே அளவு கொடுத்துத் தைப்பது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். கிளைட்கரையோன் சொன்ன 5 கெஜ வழியா, முழு 8 கெஜமா என்பதுதான் பாக்கி. இன்று ஜூன் 3. பத்து வாரம் என்று கையால் தைப்பவர் சொன்னதை நம்பலாமா?

ஊசிநூல்:

பத்து வாரம் என்பது வாடிக்கையாளரை இழுத்தடிக்கச் சொல்லும் கணக்கு இல்லை. கில்ட் தைப்பதை அருகிவரும் கைவினைகளின் பட்டியலில் 2021இல் சேர்த்துவிட்டார்கள். நன்றாகத் தைப்பவர்கள் பலர் தனியாளாக வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள், கோடையோ திருமணப் பருவம். இந்த வாரமே ஒப்பந்தம் செய்தால் ஆகஸ்ட் நடுவில் கைக்கு வரும். திருமணத்துக்கு முன் மூன்று வாரம் மிஞ்சும். ஆனால் நீங்கள் எடுக்கும் டார்ட்டன் ஆலையில் இருப்பில் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். தனியாக நெய்யச் சொன்னால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

8 கெஜமா 5 கெஜமா என்று கேட்டால், ஆண்டுக்கு நான்கைந்து முறை என்று நீங்களே சொல்லியிருப்பதால் 8 கெஜம், 13 அவுன்ஸ் என்பேன். பத்து ஆண்டு உடுத்தினாலும் கெடாது; உடம்பு ஓரிரு அங்குலம் கூடினால் பக்கிளை நகர்த்திக்கொள்ளலாம். இடுப்பு இன்னும் ஏறுமோ என்ற ஐயம் இருந்தால் அதைத் தைப்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், உள் ஏப்ரனில் (முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் கொசுவமில்லாத இரு பகுதிகளில் உள்ளே இருப்பது) கொஞ்சம் துணி கூட்டி விடுவார். கையில் பணம் இல்லையென்றால் 5 கெஜம் பாவமில்லை, கிளைட்கரையோன் சொன்னது சரி.

பெற்றுக்கொள்ளப் போகும்போது நின்று கண்ணாடி பார்த்தால் மட்டும் போதாது. மண்டியிட்டு நிமிர்ந்து இருங்கள்; விளிம்பு தரையைத் தொடாமல் சற்றே மேலே நிற்க வேண்டும். பின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, மடிப்புகள் தாமாக விழுகின்றனவா என்று மற்றவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உட்காரும்போது பின்பக்கத்தைக் கையால் நீவிவிட்டு உட்காரும் பழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள், சேலை கட்டும் வீட்டில் கேட்டால் சொல்லித் தருவார்கள். ஊசிப் பதக்கத்தை மேல் ஏப்ரனில் மட்டும் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தி, எழும்போது துணியைக் கிழித்துக்கொண்டு என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர்.

வெளுக்கக் கொடுக்கும் முன் மடிப்புகளின் அடியில் பெரிய பெரிய தையலாக நூல் ஓட்டிவிடுங்கள், அல்லது கடைக்காரரை ஓட்டச் சொல்லுங்கள். அலமாரியில் அந்துப்பூச்சி இருக்கிறதா என்பதைக் கில்ட் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அபர்தீன்வாசி:

இன்று காலை முன்பணம் கட்டிவிட்டேன். ஐல் ஆஃப் ஸ்கை, 13 அவுன்ஸ், 8 கெஜம், செட் வரும்படியான மடிப்பு. துணி இருப்பில் இருக்கிறதாம், ஆகஸ்ட் 14 அன்று வரச் சொல்லியிருக்கிறார். அளவெடுத்தவர் இடுப்பு 37 இல்லை, முப்பத்தேழரை என்று திருத்தினார்.