பிளீச்சிங் பவுடர் போட்டும் கிணற்று நீரில் குளோரின் இல்லை: அளவைக் கூட்டலாமா?

உறைகிணறு:
வணக்கம். மழைக்குப் பிறகு கிணற்று நீர் கலங்கலாக இருந்ததால் நேற்றிரவு பிளீச்சிங் பவுடர் போட்டோம். காலையில் இறைத்துப் பார்த்தால் குளோரின் வாசனை சிறிதும் இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இன்னும் இரு மடங்கு போடலாமா? விரைவாகப் பதில் சொல்லுங்கள்.

வயலோரம்:
கிணற்றின் விட்டம் என்ன, நீர் எத்தனை அடி நிற்கிறது, எத்தனை கிராம் போட்டீர்கள், அந்தப் பவுடரை எப்போது வாங்கினீர்கள் என்ற நான்கையும் சொன்னால்தான் யாராலும் பதில் சொல்ல முடியும். அதுவரை குழந்தைக்கு நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய நீரையே கொடுங்கள்.

மளிகைக்காரர்:
உதிரியாக வாங்கியிருந்தால் காரணம் அதுதான். திறந்த மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் பவுடரில், கடைசி கிலோ விற்பதற்குள் பாதி வீரியம் போயிருக்கும். எங்கள் கடையில் அதனாலேயே உதிரியாக விற்பதை நிறுத்திவிட்டோம்.

ஊற்றுக்கண்:
எனக்கு இரும்பின் மேல்தான் சந்தேகம். நீரில் கரைந்த இரும்பு இருந்தால், கிருமிகளிடம் போகவேண்டிய குளோரினை அது முதலில் உண்டுவிடும். வாளியிலும் துணியிலும் செம்பழுப்புக் கறை படிகிறதா என்று பாருங்கள்.

மூத்தவன்:
கிணற்றுக்குக் குளோரின் இடும் முறை இங்கே பலமுறை விளக்கப்பட்டிருக்கிறது. தேடிப் படிக்கும் பொறுமை இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வாசனை இல்லை என்பதனால் குளோரின் இல்லை என்று ஆகிவிடாது. மூக்கு அளவுகோல் அன்று. சோதனை செய்துவிட்டு வாருங்கள்.

உறைகிணறு:
விட்டம் 5 அடி, நீர் 10 அடி. போட்டது 20 கிராம். பவுடர் போன ஆண்டு கோடையில் வாங்கிய பொட்டலம், வாய் திறந்தது, குளியலறை அலமாரியில் இருந்தது. கறை எதுவும் படிவதில்லை. சோதனை எப்படிச் செய்வது?

நீர்மானி:
இப்போது பேசலாம். உங்கள் கிணற்றில் ஏறத்தாழ 5,500 லிட்டர் நீர் இருக்கிறது. பொதுவாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கணக்கிடுவார்கள். அதன்படி உங்களுக்கு 14 கிராம் போதும். ஆனால் இந்தக் கணக்கு, சுமார் 33 விழுக்காடு குளோரின் தரக்கூடிய புதிய பவுடருக்கும் தெளிந்த நீருக்கும் உரியது. உங்களிடம் இரண்டும் இல்லை.

காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் பிளீச்சிங் பவுடரைச் சிதைக்கின்றன. வெப்பமும் வெளிச்சமும் அதை விரைவுபடுத்துகின்றன. ஈரம் மிகுந்த குளியலறையில் வாய் திறந்து கிடந்த பொட்டலத்துக்கு இதைவிடக் கெட்ட இடம் வேறில்லை. எடை குறையாது, நிறமும் பெரிதாக மாறாது, நெடிகூட ஓரளவு இருக்கும். அந்த நெடியே குளோரின் வெளியேறிக்கொண்டிருப்பதன் அடையாளம்தான். கட்டி தட்டியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

ஆகவே, பழையதை இரு மடங்கு போட வேண்டாம். எவ்வளவு வீரியம் மிஞ்சியிருக்கிறது என்று தெரியாத நிலையில் இரு மடங்கு என்பதற்குப் பொருளே இல்லை. குளோரின் கூடுகிறதோ இல்லையோ, சுண்ணாம்பு கூடும். புதிய பொட்டலம் வாங்கி, 14 கிராமை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரிடம் பெரும்பாலும் குளோரோஸ்கோப், அதாவது நீரில் எஞ்சிய குளோரினை அளக்கும் சிறு கருவி இருக்கும். நீரில் அதனுடன் வரும் கரைசலைச் சொட்டுவிட்டு, தோன்றும் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருந்தால் நல்லது. நிறமே வராவிட்டால், கலங்கல் நீர் குளோரினை உண்டுவிட்டது என்று பொருள். அப்போது இன்னொரு முறை இட வேண்டும்.

மூத்தவன்:
பொட்டலத்தில் காலாவதித் தேதி அச்சிடப்படாத பொருளுக்கு இவ்வளவு அச்சம் தேவையில்லை. உப்புக்குக் காலாவதி உண்டா? சலவைச் சோடாவுக்கு உண்டா? கனிமப் பொருள்கள் கெடுவதில்லை.

மளிகைக்காரர்:
ஐயா, அச்சிட்ட தேதியும்கூட மூடி திறக்காத பொட்டலத்துக்கு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும். வாய் திறந்த நாளிலிருந்து வேறு கணக்கு. வாடிக்கையாளர்களிடம் இதை நாள்தோறும் சொல்கிறேன்.

ஊற்றுக்கண்:
உப்பைச் சொன்னதால் சொல்கிறேன். உப்பு கெடாது என்பது சரி. ஆனால் அயோடின் கலந்த உப்பை ஈரத்திலும் அடுப்பருகிலும் திறந்து வைத்தால் உப்பு இருக்கும், அயோடின் குறைந்துகொண்டே போகும். காயத்துக்கு இடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். சிதைந்தால் மிஞ்சுவது நீர், வெளியேறுவது ஆக்சிஜன். அதற்காகவே அதை நிறமுள்ள குப்பியில் அடைக்கிறார்கள். இந்தப் பொருள்கள் ஊசிப்போவதில்லை, வேலை செய்யும் பகுதியை மட்டும் இழக்கின்றன. பார்வைக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து.

மூத்தவன்:
அயோடின் சேர்மானம், நான் சொன்னது உப்பை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

வயலோரம்:
உப்பைப் பற்றி வேறோர் இழையில் தொடருங்கள். குழந்தை இருக்கும் வீட்டுக் கிணற்றைப் பற்றிய கேள்வி இது. நீர்மானி சொன்னதோடு ஒன்று: மருந்தை இரவில் இட்டுவிட்டு விடியும்வரை இறைக்காமல் இருப்பது நல்லது. விடிந்ததும் சோதித்துப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

உறைகிணறு:
புதிய பொட்டலம், 14 கிராம். ஒரு மணி நேரம் கழித்து நிறம் வரவில்லை. இரண்டாம் முறை இட்ட பிறகு மஞ்சள் வந்தது. அனைவருக்கும் நன்றி.

நீர்மானி:
மகிழ்ச்சி. மிச்சமுள்ள புதிய பவுடரைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி, வாங்கிய மாதத்தை மேலே எழுதி, குழந்தைக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்; தகர டப்பா அரித்துப்போகும். பழையதைச் சாக்கடையோரம் தூவித் தீர்த்துவிடலாம். ஆனால் வீரியம் போய்விட்டது என்று எண்ணி, அமிலம் கலந்த கழிவறைத் திரவம் ஊற்றிய இடத்தில் மட்டும் தூவ வேண்டாம்; மிஞ்சியிருக்கும் சிறிதளவும் அமிலம் பட்டால் குளோரின் வாயுவாகக் கிளம்பும், அடைபட்ட கழிவறைக்குள் அது நுரையீரலைத் தாக்கும்.