மறுமொழி: மெட்டா-அனாலிசிஸுக்கு ‘மீ’ எதற்கு?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மெட்டா-அனாலிசிஸ், அதாவது ஒரே கேள்வியைப் பற்றித் தனித்தனியாக நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளைக் கணக்கிட்டு ஒன்றுசேர்க்கும் முறை. அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற இந்த இழையை முதல் மடலிலிருந்து மறுபடி படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதுவரை மேசைக்கு வந்தவை: மீப்பகுப்பாய்வு, மீயாய்வு, வழியாய்வு, தொகையாய்வு, சீர்தூக்காய்வு, ஆய்வுகளின் ஆய்வு. நடுவில் ஒருவர் போகிற போக்கில் ‘தொகுப்பாய்வு’ என்று சொல்லிவிட்டுப் போனார், யாரும் கண்டுகொள்ளவில்லை. என் ஓட்டு அதற்குத்தான்.

> மெட்டா என்றால் மீ. மெட்டாடேட்டாவை மீத்தரவு என்கிறோமே, அதே வழியில் மீப்பகுப்பாய்வு என்றால் என்ன தவறு?

ஐயா, தவறு இல்லை. சுமைதான் அதிகம். ‘மீ’யின் தலையில் ஏற்கெனவே எத்தனை ஏற்றிவிட்டோம் பாருங்கள். சூப்பர் என்பதற்கு மீக்கடத்தியில் மீ. அல்ட்ராவுக்கு மீயொலியில் மீ. ஹைப்பருக்கு மீயுரையில் மீ. பள்ளிக் கணக்கிலோ மீச்சிறு, மீப்பெரு என்று ‘எல்லாவற்றிலும்’ என்ற பொருளில் நிற்கிறது. ஒரு மாணவர் மீப்பகுப்பாய்வு என்று முதல்முறை படித்தால் மிக நுணுக்கமான பகுப்பாய்வு என்றே எடுத்துக்கொள்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது சிக்கல் ‘பகு’வில் இருக்கிறது. இந்த முறையில் யாரும் எதையும் பகுப்பதில்லை. தனித்தனியாக முடிந்துபோன ஆய்வுகளின் எண்களை ஒன்றுசேர்க்கிறார்கள். அனாலிசிஸ் என்றாலே பகுப்பாய்வு என்று கை பழகிவிட்டதால் செய்வதற்கு நேரெதிரான வினையைப் பெயரில் வைக்கப் பார்க்கிறோம்.

‘மீயாய்வு’ இதைவிட ஆபத்து. சொந்த அனுபவம் சொல்கிறேன். ஓர் இதழுக்கு மருத்துவக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தபோது பதினைந்து இடங்களில் மீயாய்வு என்று எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தபோது பதினைந்தும் ‘மீளாய்வு’. மெய்ப்பு பார்த்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் எழுத்துப்பிழை என்று நினைத்திருக்கிறார். யகரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவில் ஒரு கலைச்சொல்லை நிறுத்தி வைத்தால் இதுதான் நடக்கும். அதைவிட மோசம், மீளாய்வும் (ரிவியூ) இதே துறைச் சொல். ஒரே பத்தியில் “இந்த மீளாய்வில் உள்ள மீயாய்வு” என்று எழுதவேண்டி வரும். சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை.

> நம்மிடம் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாடு இருக்கிறது. முதலாய்வு, வழியாய்வு என்று வைத்தால் மரபோடும் பொருந்தும்.

அக்கா, இதைப் படித்ததும் ஒரு நிமிடம் கட்சி மாறிவிட்டேன். அமெரிக்க ஆய்வாளர் ஜீன் கிளாஸ் 1976 இல் மெட்டா-அனாலிசிஸ் என்ற பெயரை வைத்தபோது அவரும் மூன்றாகத்தான் பிரித்தார். புதிதாகத் தரவு திரட்டி ஆராய்வது முதல் வகை. அதே தரவை வேறு கேள்விக்காகவோ மேலான முறையாலோ திரும்ப ஆராய்வது இரண்டாவது. பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி அவற்றையே தரவாக வைத்து ஆராய்வது மூன்றாவது. மெட்டா என்று அவர் சொன்னது இதைத்தான். ஆக, ‘வழியாய்வு’ உட்காரவேண்டிய நாற்காலி இரண்டாவது.

இன்னொன்று. நன்னூல் வழிநூலுக்குச் சொல்லும் இலக்கணம், முன்னோர் நூலின் முடிவோடு முழுக்க ஒத்துப்போய், பின்னால் வருபவர் தனக்கு வேண்டிய சில வேறுபாடுகளைச் சொல்வது. நாம் பேசுகிற ஆய்வுக்கு அந்தப் பணிவு கிடையாது. எட்டு முதலாய்வுகள் ‘பயன் தெரியவில்லை’ என்று சொன்ன இடத்தில் எட்டையும் சேர்த்துப் பார்த்து ‘பயன் இருக்கிறது’ என்று சொல்லும் ஆள் இது. முதல்நூல்களை மறுக்கிற நூலை வழிநூல் என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது வகைக்கு ‘வழியாய்வு’ என்பதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வோம்.

சரி, தொகுப்பாய்வுக்கு வருகிறேன். ஒரு நண்பர் கேட்ட கேள்வி நியாயமானது:

> தொகுப்பு என்றால் கட்டுரைத் தொகுப்பு, கவிதைத் தொகுப்பு மாதிரி சும்மா அடுக்கி வைப்பதாகத் தோன்றாதா? எடை போடுவது எங்கே?

எடை போடுவதுதான் இந்த முறையின் உயிர் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. இழையில் சிலர் சராசரி எடுப்பது என்றே எழுதியிருந்ததால் சின்னக் கணக்கு ஒன்று. ஒரு மருந்து இரத்த அழுத்தத்தை 4 அலகு குறைக்கிறது என்கிறது பெரிய ஆய்வு, அதன் திட்டப்பிழை (விடை எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு) 1. சிறிய ஆய்வு ஒன்று 10 அலகு என்கிறது, அதன் திட்டப்பிழை 3. சும்மா சராசரி போட்டால் 7 வரும். ஆனால் ஒவ்வொரு ஆய்வுக்கும் திட்டப்பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை கொடுக்கவேண்டும். பெரியதற்கு எடை 1, சிறியதற்கு ஒன்பதில் ஒரு பங்கு. இப்போது விடை 4.6. சத்தமாகக் கத்துகிற சிறிய ஆய்வு தன் இடத்துக்குப் போய்விட்டது. எல்லா ஆய்வுகளும் ஒரே உண்மை அளவைத்தான் அளக்கின்றன என்று கொள்ளும்போது செய்யும் கணக்கு இது. அப்படிக் கொள்ள முடியாதபோது எடை வேறு விதமாக வரும்.

இந்த எடையைப் பெயரிலேயே கொண்டுவரத்தான் ‘சீர்தூக்காய்வு’ பரிந்துரைக்கப்பட்டது. “சமன்செய்து சீர்தூக்குங் கோல்” என்று குறளிலேயே இருக்கிறது என்றார் பரிந்துரைத்தவர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சீர்தூக்கிப் பார்ப்பது எந்த ஆய்வாளரும் எப்போதும் செய்யவேண்டிய வேலை. அதை ஒரு முறைக்கு மட்டும் எழுதிவைத்தால் மற்றவர்கள் சீர்தூக்காமல் ஆராய்கிறார்களா என்று கேள்வி வரும். ‘தொகைத்தூக்கு’ என்று சுருக்கலாம் என்றவருக்கு ஒரு வார்த்தை: இன்றைய வாசகருக்குத் தூக்கு என்றால் தராசு நினைவுக்கு வராது, கயிறுதான் வரும்.

‘தொகையாய்வு’ கிட்டத்தட்ட ஜெயித்திருக்கும். எட்டுத்தொகையின் தொகை, கூட்டுத்தொகையின் தொகை, திரட்டுவதும் கணக்கிடுவதும் ஒரே சொல்லில். ஆனால் கணிதத்தில் தொகையீடு ஏற்கெனவே இன்டக்ரேஷன். பணத்துக்கும் தொகை என்றே சொல்கிறோம். மேலாண்மைத் துறைக் கட்டுரையில் தொகையாய்வு என்று வந்தால் கணக்குத் தணிக்கை என்று புரிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

மேலாண்மை என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். இது மருத்துவச் சொல், மருத்துவர்களே முடிவு செய்யட்டும் என்று ஒரு மடல் வந்திருந்தது. அப்படியில்லை. கிளாஸ் கல்வி ஆய்வுத் துறைக்காரர். அவரும் மேரி லீ ஸ்மித்தும் 1977 இல் உளசிகிச்சை பற்றிய 375 ஆய்வுகளைச் சேர்த்தார்கள். அதே ஆண்டில் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் பணியாளர் தேர்வுச் சோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நிறுவனத்தில் பலிக்கும் சோதனை இன்னொன்றில் பலிக்காது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு சின்னச் சின்ன மாதிரிகளால் வரும் தற்செயல் ஆட்டம்தான் என்று காட்டினார்கள். பெயர் இல்லாமல் காரியம் நடந்தது இன்னும் முன்னால். 1904 இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களின் டைபாய்டு தடுப்பூசிக் கணக்குகளைத் திரட்டி ஒன்றாகப் பார்த்திருக்கிறார். ஆகவே சொல் எல்லாத் துறைக்கும் பொதுவாக நிற்கவேண்டும். மருத்துவ வாடையோ கணக்கு வாடையோ தூக்கலாக இருக்கக்கூடாது.

மருத்துவத்தில் இதன் வலுவைச் சொல்ல ஓர் எடுத்துக்காட்டு போதும். குறைப்பிரசவம் நேரப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் தேறுமா என்ற முதல் சோதனை 1972 இல் வெளிவந்தது. அப்புறம் வேறு சோதனைகளும் வந்தன. பலவும் தனியாகப் பார்த்தால் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. முறைப்படி எல்லாவற்றையும் திரட்டிய முதல் வெளியீடு வர 1989 ஆகிவிட்டது. சேர்த்துப் பார்த்தபோது பயன் சந்தேகமில்லாமல் தெரிந்தது. நடுவே போன ஆண்டுகளில் அந்த ஊசி கிடைக்காமல் போன குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட 1993 இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு தன் சின்னத்தில் அந்தச் சோதனைகளில் ஏழின் கோடுகளைத்தான் வைத்திருக்கிறது.

ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் ஒரு கோடாக அடுக்கிக் காட்டும் அந்தப் படத்தின் பெயர் ஃபாரஸ்ட் பிளாட். தயவுசெய்து அதைக் ‘காட்டு வரைபடம்’ ஆக்காதீர்கள். வனத்துறை வெளியிட்டது என்று நினைப்பார்கள், இல்லையென்றால் யாரோ வரைபடத்தைக் காட்டச் சொல்லி அதட்டுவதாக நினைப்பார்கள். ‘கோட்டடுக்குப் படம்’ என்று நான் எழுதுகிறேன். மேலானது இருந்தால் சொல்லுங்கள்.

எடை எங்கே என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: கிரேக்க மெட்டாவிலும் எடை கிடையாது. அது ‘பின்னால்’, ‘அப்பால்’ என்று மட்டுமே சொல்கிறது. செய்முறை வரையறையில் இருக்கிறது. தொகுப்பாய்வு அதைவிட ஒருபடி கூடவே சொல்கிறது, தொகுத்து ஆராய்வது என்று. பகுப்பாய்வுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே ஓசை, எதிர்த்திசை. வகுப்பில் விளக்கவும் எளிது. சும்மா அடுக்குவது வெறும் ‘தொகுப்பு’. ‘ஆய்வு’ ஒட்டியதும் அந்தப் பொருள் விலகிவிடுகிறது. கணக்குப் போட்டாலும் போடாவிட்டாலும், ஆய்வுகளை முறைப்படி தேடி, தரம் பார்த்துத் திரட்டும் வேலைக்கு ‘முறைசார் மீளாய்வு’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மோதாது.

வாக்கியத்தில் போட்டும் பார்த்தேன். “22 சோதனைகளைத் தொகுப்பாய்வு செய்தனர்.” “தொகுப்பாய்வாளர் வெளியிடப்படாத ஆய்வுகளையும் தேடவேண்டும்.” “வலையமைப்புத் தொகுப்பாய்வில் நேரடியாக ஒப்பிடாத மருந்துகளையும் ஒப்பிடலாம்.” மூன்றிலும் நாக்கு இடறவில்லை. மூன்றிலும் ‘மீப்பகுப்பாய்வு’ போட்டு நீங்களே சொல்லுங்கள்.

இடறுகிற இடமும் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. மெட்டா-ரெக்ரஷன், அதாவது ஆய்வுகளின் முடிவுகள் ஏன் வேறுபடுகின்றன என்று அவற்றின் தன்மைகளோடு பொருத்திப் பார்க்கும் கணக்கு. ரெக்ரஷனுக்குப் பாடநூலில் இருப்பது தொடர்புப்போக்கு. ‘தொகுப்பாய்வுத் தொடர்புப்போக்கு’ என்று எழுதினால் ஒரு வரியே போய்விடுகிறது. மீ-கட்சிக்காரர்கள் இங்கே சிரிக்கலாம். அவர்களுடைய ‘மீத்தொடர்புப்போக்கு’ இதைவிடக் குட்டை. ‘தொகுபோக்கு’ என்று சுருக்கிப் பார்த்தேன், போக்குவரத்து மாதிரி ஒலிக்கிறது. புள்ளியியல் கற்பிக்கும் நண்பர்கள் யாராவது இதைக் கையில் எடுத்தால் நல்லது.

அன்புடன்.