இவாட்டா நல்ல தலைவரா, இல்ல நல்ல புரோகிராமர் மட்டுமா?

அரைப்புள்ளி:

8 வருஷமா கோடு எழுதிட்டு இருக்கேன். போன மாசம் டீம் லீட் ஆக்கிட்டாங்க. என் கீழ 11 பேர், அதுல பாதிப் பேர் என்னை விட சீனியர். "நல்லா கோடு எழுதுறவனைத் தூக்கி மேல வச்சா, ஒரு நல்ல புரோகிராமர் போவான், ஒரு சொதப்பல் மேனேஜர் வருவான்"னு ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். பதில் சொல்லத் தெரியாம வந்துட்டேன்.

அப்புறம் ஞாபகம் வந்தவர், ஜப்பான் கேம் கம்பெனி நின்டெண்டோவோட தலைவரா இருந்த சதோரு இவாட்டா. கோடு எழுதி எழுதியே அந்த நாற்காலி வரைக்கும் போனவர். 2015 ஜூலை 11-ல, 55 வயசுல இறந்துட்டார். வருஷா வருஷம் அந்த நாள் வந்தா, 2005-ல கேம் உருவாக்குறவங்க மாநாட்டுல அவர் பேசினதை எல்லாரும் பகிர்வாங்க. விசிட்டிங் கார்டுல நான் நிறுவனத் தலைவர், மனசுல கேம் உருவாக்குறவன், இதயத்துல கேமர்னு சொன்னாரே, அதைத்தான். கேட்க நல்லா இருக்கு, ஆனா அது மேடைப் பேச்சு. கோடு எழுதத் தெரிஞ்சது தலைவர் வேலையில அவருக்கு நிஜமாவே எங்கயாவது உதவுச்சா? இல்ல, நல்ல மனுஷன் சீக்கிரம் போயிட்டாரேங்கிற வருத்தத்துல நாமதான் கூட்டிச் சொல்றோமா?

வரவுசெலவு:

கூட்டித்தான் சொல்றோம். டிஎஸ்ங்கிற கையடக்கக் கருவியில இரண்டு திரை வைக்கணும்ங்கிறது அவர் யோசனையே இல்ல, நின்டெண்டோவோட முந்தைய தலைவர் யமாவுச்சி பிடிவாதமா சொன்னது. டிவியில மாட்டி விளையாடுற வீ கன்சோல் 10 கோடிக்கு மேல வித்துச்சு, சரி. அடுத்து வந்த வீ யூ? மொத்தமே 1.36 கோடி. பேரைப் பார்த்துட்டு, பழைய வீக்கு மாட்டுற டேப்லெட்னு நினைச்சவங்க எத்தனை பேர்! அதுக்கும் முன்னாடி, 2012 மார்ச்சோட முடிஞ்ச நிதியாண்டுல 4,320 கோடி யென் நஷ்டம். போன்ல கேம் விட மாட்டோம்னு வருஷக்கணக்கா வீம்பு பிடிச்சுட்டு, 2015 மார்ச்லதான் போன் கேம் செய்ற டிஎன்ஏ (DeNA) கம்பெனியோட கைகோத்தாங்க.

தன் சம்பளத்தைப் பாதியாக்கிட்டு ஊழியர்களைக் காப்பாத்தினார்னு உருகுறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். வீ, டிஎஸ் காலத்துல சேர்த்த காசு பெட்டி நிறைய இருந்துச்சு. கல்லா காலியா இருக்கிற கம்பெனியில உட்கார வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

பழையகேட்ரிட்ஜ்:

வரவுசெலவு சார், உங்க கணக்குல தப்பில்ல. ஆனா கல்லா காலியான கம்பெனியில அவர் உட்கார்ந்திருக்காரே!

ஹால் லேபரட்டரிங்கிற கேம் கம்பெனி. நின்டெண்டோவுக்கு முன்னாடி, காலேஜ்ல படிக்கும்போதே பகுதி நேரமா வேலை பார்த்த இடம். 1992 வாக்குல அது திவாலாகிற நிலைமைக்கு வந்துடுச்சு. கடன் 150 கோடி யென். கைகொடுக்கிறேன்னு வந்த யமாவுச்சி போட்ட நிபந்தனை, இவாட்டா தலைவராகணும்ங்கிறது. 1993-ல, 33 வயசுல, தலைவரானார். சுமார் 6 வருஷத்துல கடன் அடைஞ்சுது.

தம்பி அரைப்புள்ளி, உங்க கேள்விக்கு இங்கதான் பதில் இருக்குன்னு நினைக்கிறேன். தலைவரானதும் அவர் ஊழியர்கள் எல்லார்கிட்டயும் தனித்தனியா உட்கார்ந்து பேசினார். ஒரு தடவை பேசிட்டு விடல, வருஷத்துக்கு இரண்டு தடவை. ஒரு கட்டத்துல 80, 90 பேர் ஆயிட்டாங்க. சில பேருக்கு 20 நிமிஷம் போதும், சில பேருக்கு 3 மணி நேரம் ஓடும். என் கண்ணுக்கு இது மனிதவள வேலையாவே தெரியல. ஓடாத புரோகிராமை வரி வரியா ஓட்டிப் பார்த்து எங்க அடைக்குதுன்னு தேடுற வேலை.

அவர் கோடு எழுதின விதமும் அப்படித்தான். பலூன் ஃபைட் விளையாடியிருக்கீங்களா? கடையில காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின்ல இருந்ததை விட, அவர் வீட்டுக் கன்சோலுக்கு எழுதினதுல ஆள் மிதக்கிறது வழுவழுன்னு இருக்கும். காரணம் சின்னது. பாத்திரம் நிக்கிற இடத்தை முழு எண்ணா வச்சுக்காம, தசமம் வரைக்கும் கணக்குப் போட்டார். அதை நின்டெண்டோ ஆளுங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். சூப்பர் மாரியோல தண்ணிக்குள்ள நீந்துறோமே, அதுல இருக்கிறது இந்தக் கணக்குதான்.

அடுத்தது மதர் 2-ங்கிற கேம். 4 வருஷமா இழுத்துட்டு இருந்த ப்ராஜெக்ட். இவரைக் கூப்பிட்டாங்க. பார்த்துட்டு, இருக்கிறதையே சரி பண்ணணும்னா 2 வருஷம், முதல்ல இருந்து எழுத விட்டா அரை வருஷம், எது வேணும்னு அவங்ககிட்டயே கேட்டார். இந்த வரியை எல்லாரும் பஞ்ச் டயலாக் மாதிரி சொல்லுவாங்க. அதுக்கப்புறம் செஞ்சதை யாரும் சொல்ல மாட்டாங்க. அவர் முதல்ல கேமை எழுதல, கருவிகளை எழுதினார். குழுவுல இருக்கிற மத்தவங்க தாங்களே மாத்தி, ஓட்டிப் பார்த்து, திரும்ப மாத்துற மாதிரி. அரை வருஷத்துல கேம் முழுசா ஓடுச்சு, மெருகேத்த இன்னொரு அரை வருஷம் எடுத்துக்கிட்டாங்க. 1994-ல வெளியாச்சு.

போக்கிமான் ஸ்டேடியம் கதையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கேம் பாய்ங்கிற கையடக்கக் கருவியில இருந்த போக்கிமான் கேமோட சண்டை லாஜிக்கை, ஆவணம் எதுவும் இல்லாம சோர்ஸ் கோடைப் படிச்சே ஒரு வாரத்துல நின்டெண்டோ 64 கன்சோலுக்கு மாத்திட்டார். ஒரிஜினலை எழுதின மொரிமோட்டோவே, இவர் என்ன மாதிரி கம்பெனித் தலைவர்னு அசந்து போனார். எனக்கும் ரொம்பப் பிடிச்ச கதை. ஆனா அதைத் தலைமைக்குச் சாட்சியா நான் எடுத்துக்க மாட்டேன். தலைவரே வந்து ஒரு வாரத்துல முடிச்சுக் கொடுத்தா, மத்தவங்க கைகட்டி வேடிக்கை பார்க்கப் பழகிடுவாங்க. (இது நான் பட்டுத் தெரிஞ்சது. டீம் லீடா இருந்த முதல் 2 வருஷம் எல்லா பக்கையும் ராத்திரி நானே உட்கார்ந்து சரி பண்ணிடுவேன். லீவு போட்ட ஒரு வாரத்துல எதுவும் நகரல. அப்ப பெருமையா இருந்துச்சு, இப்ப நினைச்சா கூச்சமா இருக்கு.) அதனால தம்பி, மதர் 2-ல இருக்கிற இவாட்டாவைப் பிடிச்சுக்கோங்க. போக்கிமான் இவாட்டாவை தூரத்துல இருந்து ரசிங்க.

சம்பள விஷயம்: 2011-ல, டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ் விலையை ஜப்பான்ல 25,000 யென்ல இருந்து 15,000-க்கு இறக்கினப்ப ஒரு தடவை பாதியாக்கிக்கிட்டார். 2014-ல திரும்பவும், 5 மாசத்துக்கு. பெட்டியில காசு இருந்தது உண்மைதான். காசு வச்சிருக்கிற கம்பெனி எல்லாம் ஆளை அனுப்பாம இருக்கா? ஆள் குறைச்சா பயம் வரும், பயந்தவங்களால மனசைத் தொடுற மென்பொருள் எழுத முடியாதுங்கிற மாதிரி 2013-ல பங்குதாரர்கள் முன்னாடியே பேசினார். கோடு எழுதினவனுக்குத்தான் அது தெரியும். வேலை நிலைக்குமான்னு தெரியாத மாசத்துல நான் எழுதின கோடை நானே திரும்பப் பார்க்க மாட்டேன்.

தூக்கம்கெட்டவன்:

வீ யூ பேரை மன்னிக்கவே முடியாது. எங்க அண்ணனுக்கு இன்னைக்கு வரைக்கும் அது தனிக் கன்சோல்னு தெரியாது.

வரவுசெலவு:

ஹால் கணக்கை நான் பார்க்கல, அதை ஒத்துக்கிறேன். உங்க வாதத்துக்கு ஒரு புள்ளி நானே எடுத்துத் தர்றேன். வீ யூ தடுமாறிட்டு இருந்த 2013-லேயே, கையடக்கக் கருவி செய்ற பிரிவையும் டிவியில மாட்டுற கருவி செய்ற பிரிவையும் ஒண்ணாக்கினார். 2017-ல வந்த ஸ்விட்ச் என்னன்னு யோசிச்சுப் பாருங்க: இரண்டும் சேர்ந்த ஒரே கருவி. அதை அவர் பார்க்கல. ஆனாலும் டிஎஸ் இரண்டு திரை யமாவுச்சியோடதுதான், அதுல நான் இறங்கி வர மாட்டேன்.

பழையகேட்ரிட்ஜ்:

இறங்க வேண்டாம் சார். இவாட்டாவே அதை யமாவுச்சி கணக்குலதான் எழுதியிருக்கார்.

அரைப்புள்ளி:

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமையிலிருந்து 11 பேர்கிட்டயும் தனித்தனியா பேசலாம்னு இருக்கேன். ஆளுக்கு அரை மணி நேரம்னு காலண்டர்ல போட்டிருக்கேன். என்னைப் பத்தி அப்படிச் சொன்னாரே, அவர்தான் முதல் ஆள். என்ன கேக்கிறதுன்னுதான் தெரியல.

பழையகேட்ரிட்ஜ்:

அவருக்கு அடுத்த ஸ்லாட்டைக் காலியா விடுங்க, அரை மணியில முடியாது. லேப்டாப்பை மூடி வச்சிடுங்க. நான் முதல் தடவை திறந்து வச்சுட்டுப் பேசினேன். எதிர்ல இருந்த பொண்ணு பேச்சை நிறுத்திட்டு, "நீங்க மெயில் முடிச்சுட்டு வாங்க சார், நான் வெயிட் பண்றேன்"னு சொல்லிடுச்சு.