கொழும்புக் கோப்பை: இந்தியக் கால்பந்தின் பொற்காலக் கணக்கில் சேருமா?

வலதுவிங்: "1952 முதல் 1955 வரை நான்கு முறையும் கொழும்புக் கோப்பை இந்தியாவுக்கே" என்று ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆடியவர்கள் யார்? இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை. ஈரான் இல்லை, ஜப்பான் இல்லை, கொரியா இல்லை. அதிலும் முதல் கோப்பையைப் பாகிஸ்தானோடு பங்கு போட்டுக்கொண்டோம். கறாராகக் கணக்கிட்டால் மூன்றரைதான்.

பழையவிசில்: பங்கு போட்டதற்குக் காரணம் இருக்கிறது ஐயா. இறுதியாட்டம் என்று ஒன்று கிடையாது. நால்வரும் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும், புள்ளிதான் முடிவு. கொழும்பில் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் 0-0. இருவரும் சம புள்ளி. பிறகு ஆண்டுக்கொன்றாக ரங்கூன், கல்கத்தா, டாக்காவில் நடந்த மூன்றிலும் தனியாகவே வென்றோம். பிரிவினை முடிந்து எட்டு வருடத்தில், கிழக்கு பாகிஸ்தானுக்கே போய்க் கோப்பையைத் தூக்கி வந்தது சின்ன விஷயமா?

வலதுவிங்: கல்கத்தாவில் வென்றது 1954. அதே வருடம் மணிலா ஆசிய விளையாட்டில் முதல் சுற்றோடு மூட்டை கட்டினோம். இந்தோனேசியாவிடம் 0-4! 1951இல் தில்லியில் தங்கம் வாங்கிய அணி அது. வெளியே போனதும் சாயம் வெளுத்துவிட்டது.

கரையோரம்: மணிலாவில் வெண்கலம் வாங்கியது யார் என்று பார்த்தீர்களா? பர்மா. நீங்கள் ஒரு வரியில் ஒதுக்கிவிட்ட அதே பர்மா. 1966இல் ஆசியத் தங்கம், 1970இல் தென்கொரியாவோடு கூட்டாகத் தங்கம். அவர்களை ரங்கூனிலேயே முந்தினோம்.

பழையவிசில்: இன்னொன்று. 1952 மார்ச்சில் கொழும்பு, ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். அங்கே யூகோஸ்லாவியாவிடம் 1-10. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு, பூட்ஸ் அணிந்தவர்கள் முன்னால் நின்றார்கள். அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமானது. புதுப் பூட்ஸோடு ஆடிப் பழக ஆண்டுதோறும் சர்வதேச ஆட்டம் வேண்டாமா? நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒலிம்பிக்ஸை நம்பினால் ஆகுமா? முன்கள வீரர் பி.கே. பானர்ஜி இந்தியாவுக்காக முதலில் ஆடியது டாக்காவில்தான். மறுவருடமே மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம்.

வலதுவிங்: மெல்போர்னா? ஹங்கேரி வராததால் ஆடாமலேயே காலிறுதிக்குப் போனோம். வென்றது ஒரே ஓர் ஆட்டம்.

கரையோரம்: அந்த ஓர் ஆட்டம் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2. நெவில் டிசூசா மூன்று கோல். அதையுமா கழிக்கிறீர்கள்? எனக்கு வருத்தமெல்லாம் வேறு. நான்கு நாடும் ஆளுக்கொரு முறை நடத்தியதும் கடையைக் கட்டிவிட்டார்கள். 1956இல் ஹாங்காங்கில் ஆசியக் கோப்பை, 1957இல் கோலாலம்பூரில் மெர்டேகா கால்பந்துப் போட்டி என்று கவனம் கிழக்கே போய்விட்டது. தெற்காசியாவுக்கென்று தனிக் கால்பந்துக் கோப்பை 1993இல் லாகூரில்தான் வந்தது.

வலதுவிங்: நான் சொல்வதும் அதேதான். ஐந்தாம் வருடம் ஈரானையும் இந்தோனேசியாவையும் அழைத்து நடத்தியிருந்தால் அது கோப்பை. அங்கேயும் வென்றிருந்தால் பொற்காலம் என்று நானே எழுதுவேன்.