ஐ.பி. கேமராவுக்கு 'முகவரிக் கேமரா' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

சி.சி.டி.வி. மாட்டும் எங்கள் வேலைக்கு, அனலாக் கேமராவுக்கு 'ஒப்புமைக் கேமரா', நெட்வொர்க்கில் ஓடும் ஐ.பி. கேமராவுக்கு 'பிணையக் கேமரா' என்று நீங்கள் பரிந்துரைத்த இரண்டு சொற்களையும் கொட்டேஷனில் போட்டு, வேலூர் ஆற்காடு சாலையில் ஒரு லாட்ஜ் முதலாளியிடம் நீட்டினேன். "எதோட ஒப்பிடறது?" என்றார். அடுத்த வரிக்குப் போனவர், "பிணையமா? ஜாமீன் கேஸா?" என்றார். தொரப்பாடியில் மத்தியச் சிறை இருக்கிற ஊரில் பிணை என்றால் வேறென்ன நினைவுக்கு வரும்?

அனலாக் என்றால் மங்கல், ஐ.பி. என்றால் தெளிவு என்ற எண்ணத்தையும் சொல்லில் ஏற்ற வேண்டாம். டி.வி.ஐ., சி.வி.ஐ., ஏ.எச்.டி. வகை அனலாக் கேமராக்கள் டி.வி. கேபிள் போன்ற கோஆக்சியல் ஒயரிலேயே 1080பி படம் தருகின்றன. பதிவும் ஹார்டு டிஸ்கில்தான். படத்தைச் சுருக்கும் வேலை எங்கே நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அனலாக்கில் அது டி.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டிக்குள், ஐ.பி.யில் கேமராவுக்குள்ளேயே.

அப்புறம் அடையாளம். டி.வி.ஆரின் நாலாவது பி.என்.சி. இணைப்பில் எந்த ஒயரைத் திருகினோமோ அதுதான் நாலாவது கேமரா. ஒயரை மாற்றித் திருகினால் வாசல் போய் மாடிப்படி வந்துவிடும். ஐ.பி. கேமராவுக்கு 192.168.1.64 என்று நிலையாக ஒரு முகவரி கொடுத்துவிட்டால், அதே நெட்வொர்க்கில் எந்த ஸ்விட்சில் செருகினாலும் அதே வாசல்தான் தெரியும். ஆகவே என் பரிந்துரை: ஐ.பி.க்கு 'முகவரிக் கேமரா', அனலாக்குக்கு 'தனிவடக் கேமரா'.

— சத்துவாச்சாரியிலிருந்து

தம்பி,

முகவரிக் கேமரா நன்று. ஐ.பி. என்ற எழுத்துகளைப் பிரித்து 'இணைய நெறிமுறை' என்று பெயர்த்தால், இணையம் இல்லாவிட்டால் கேமரா ஓடாது என்று நினைத்துவிடுவார்கள். கட்டடத்துக்குள்ளேயே ஓடும் அல்லவா?

தனிவடம்தான் இடிக்கிறது. ஐ.பி. கேமராக்களுக்கான பதிவுப் பெட்டியான என்.வி.ஆர். பின்புறம் இருக்கும் பி.ஓ.இ. துளைகளில் ஐ.பி. கேமராக்களையும் ஒவ்வொன்றாகச் செருகுகிறீர்களே, அதுவும் தனிவடம்தானே? கோஆக்சியலில் படம் அலையாகப் போகிறது என்று நீங்களே முன்பு எழுதியிருந்தீர்கள். 'அலைவடக் கேமரா' என்று பாருங்கள். வெறும் 'அலைக் கேமரா' வேண்டாம், வைஃபை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பி.ஓ.இ.க்கும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன்: உடன்மின். தரவு போகும் ஒயரிலேயே மின்சாரமும் உடன் போவதால்.

— குடியாத்தத்திலிருந்து

ஐயா,

அலைவடம் பிரமாதம், எடுத்துக்கொண்டேன். உடன்மின்னும் வாயில் நன்றாக உட்காருகிறது. 2003இல் வந்த முதல் பி.ஓ.இ. தரநிலை ஒரு துளைக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். சாதாரண கேமராவுக்கு அது தாராளம். எங்கள் பையன்களும் 'உடன்மின் ஸ்விட்ச்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

லாட்ஜில் சுவருக்குள் மூன்று கம்பியும் ஒரு கோஆக்சியலும் சேர்ந்த பழைய 3+1 ஒயர் நல்ல நிலையில் இருக்கிறது. அதை உடைத்து எடுப்பது வீண்செலவு, அங்கே அலைவடம். புதிதாகக் கட்டும் மாடிக்கு முகவரி. இரண்டையும் ஏற்கும் எக்ஸ்.வி.ஆர். ஒன்று போதும். அதை 'இருவகைப் பதிவுப்பெட்டி' என்று எழுதியிருக்கிறேன். டி.வி.ஆர்., என்.வி.ஆருக்குத் தனித்தனிச் சொல் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. பதிவுப்பெட்டி என்றால் போதும், முன்னால் அலைவடமா முகவரியா என்று சேர்த்துக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைதான் யோசிக்க வைக்கிறது. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வரும் வாயுவில் பி.என்.சி.யைக் கழற்றினால் உள்ளே செம்புப் பின்னல் கறுத்துக் கிடக்கிறது, விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்கிறது. நெட்வொர்க் ஒயரின் ஆர்.ஜே.45 முனையும் அங்கே பத்திரம் கிடையாது. எதுவானாலும் மூடியிட்ட பெட்டிக்குள் இணைப்பை வைத்தாக வேண்டும். வாசல் கேட்டும் அலுவலக அறையிலிருந்து 100 மீட்டருக்கு மேல். கேட்6 (Cat6) நெட்வொர்க் ஒயர் 100 மீட்டர்தான் தாங்கும், நடுவில் ஒரு ஸ்விட்ச் வேண்டும். நல்ல கோஆக்சியல் என்றால் ஒரே இழுப்பில் போய்விடும். அந்த கேட்டுக்கு அலைவடம் என்றே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் இந்த நான்கு சொற்களையும் விலைப்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

— சத்துவாச்சாரியிலிருந்து