பேட்டரி முனை மாறியபின் அவுட்போர்டு சார்ஜ் ஏற்றவில்லை, ஆர்.பி.எம். முள்ளும் அசையவில்லை

கேள்வி

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு: 40 ஹெச்.பி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர் எஞ்சின். செல்ஃப், கயிறு இரண்டிலும் ஸ்டார்ட் ஆகும். புது பேட்டரி மாட்டும்போது ப்ளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டன. தீப்பொறி பறந்து 20 ஆம்ப் ஃபியூஸ் போனது. இணைப்பைச் சரி செய்து புது ஃபியூஸ் போட்டதும் எஞ்சின் வழக்கம்போல் ஓடுகிறது. ஆனால் ஓட்டத்தில் பேட்டரி முனையில் 12.4 வோல்ட்தான், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவும் செய்கிறது. ஆர்.பி.எம். முள் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. அரை மணி நேரம் ஓடினால் ஃப்ளைவீல் பக்கம் வார்னிஷ் கருகும் வாடை.

சி.டி.ஐ. (ஸ்பார்க் தரும் மின்னணுப் பெட்டி) போய்விட்டதா? உதிரிபாகம் வரும்வரை கயிறு இழுத்து ஓட்டலாமா?

பதில் 1

இப்போதைக்கு ஓட்டாதீர்கள். வாடை வருகிறது என்றால் ஸ்டேட்டர் (பேட்டரிக்கான மின்சாரத்தை உண்டாக்கும், ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் காயில்) வெந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வகை எஞ்சினில் சி.டி.ஐ.க்கு மின்சாரம் தருவது ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் தனிக் காயில். பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்பார்க் ஒழுங்காக வருவதால் சி.டி.ஐ. பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அடி வாங்கியது ரெக்டிஃபையர், அதாவது ஸ்டேட்டரின் ஏ.சி.யை பேட்டரிக்கு ஏற்ற டி.சி.யாக மாற்றும் பாகம். முனை மாறினால் அதன் டையோடுகள் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுபவை) திறந்த கதவாகிவிடும். பேட்டரியின் முழு கரண்டும் அவற்றின் வழியே பாயும். ஃபியூஸ் உருகுவதற்குள் டையோடு போய்விடும். பல மாடல்களில் ஆர்.பி.எம். மீட்டருக்கு சிக்னல் வருவதும் இந்த சார்ஜிங் வழியில்தான். சார்ஜும் முள்ளும் ஒன்றாகப் படுத்ததற்குக் காரணம் அதுதான்.

டையோடு முழுவதும் அறுந்திருந்தால் சார்ஜ் ஏறாது, அதோடு சரி. ஒரே ஒரு டையோடு ஷார்ட் ஆகி நின்றால்தான் ஆபத்து. ஃபியூஸ் போகாது, பேட்டரியும் வடியாது, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் எஞ்சின் ஓடும்போது ஏ.சி. அலையின் ஒரு பாதி முழுக்க ஸ்டேட்டர் தனக்குள்ளேயே ஷார்ட் ஆகிக்கொண்டிருக்கும். அந்த வாடை அதனால் வருவது.

ரெக்டிஃபையரைக் கழற்றி மல்டிமீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். ஸ்டேட்டரிலிருந்து வரும் இரண்டு ஒயர்கள் (யமஹாவில் பெரும்பாலும் பச்சை), பேட்டரிக்குப் போகும் சிவப்பு, எர்த் கறுப்பு. மீட்டரின் சிவப்பு முனை பச்சையில், கறுப்பு முனை சிவப்பு ஒயரில்: 0.4 முதல் 0.7 வரை காட்ட வேண்டும். முனையை மாற்றினால் ஓ.எல். (கரண்ட் பாயவில்லை என்று மீட்டர் காட்டுவது). அடுத்து மீட்டரின் சிவப்பு முனை கறுப்பு ஒயரில், கறுப்பு முனை பச்சையில்: அதே அளவு, மாற்றினால் ஓ.எல். இரண்டு பச்சைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ரெகுலேட்டரும் (வோல்ட் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது) சேர்ந்த யூனிட் என்றால் சில ஜோடிகள் இரண்டு பக்கமும் ஓ.எல். காட்டக்கூடும், அதற்கு சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அட்டவணைதான் கணக்கு. ஆனால் இரண்டு பக்கமும் 0.00 காட்டினால் எந்த யூனிட்டானாலும் போய்விட்டது.

பதில் 2

மேலே சொன்னது சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஸ்பார்க் பார்க்கிறேன் என்று ப்ளக் ஒயர்களை அந்தரத்தில் விட்டு எஞ்சினைச் சுழற்றாதீர்கள், ப்ளக்கின் உலோகப் பகுதி எஞ்சின் பிளாக்கைத் தொட்டே இருக்க வேண்டும். பாய வழியில்லாத மின்னழுத்தம் காயிலையும் சி.டி.ஐ.யையும் உடைத்துவிடும். இன்னொன்று, ஸ்டாப் ஒயரில் 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யவே வேண்டாம். அந்த ஒயர் எர்த்தைத் தொட்டால் எஞ்சின் நிற்கும், அதன் வேலை அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்

அளந்தேன். இது ரெகுலேட்டர் இல்லாத தனி ரெக்டிஃபையர்.

சிவப்பு – முதல் பச்சை: இரண்டு பக்கமும் 0.00
சிவப்பு – இரண்டாம் பச்சை: 0.52 / ஓ.எல்.
கறுப்பு – முதல் பச்சை: 0.50 / ஓ.எல்.
கறுப்பு – இரண்டாம் பச்சை: 0.51 / ஓ.எல்.

ரெக்டிஃபையரை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1

ஒரு டையோடு ஷார்ட். ரெக்டிஃபையர் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் ஸ்டேட்டரை அளக்காமல் புதியதை மாட்டாதீர்கள், அதையும் இழக்க நேரிடும்.

முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அதன் சொந்த ஓம்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள்; 0.2, 0.3 இருக்கும். பச்சைக்கும் பச்சைக்கும் நடுவே வரும் அளவிலிருந்து அதைக் கழித்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். இந்தக் காயிலின் ஓம்ஸ் மிகக் குறைவு என்பதால் உள்ளே நாலைந்து சுற்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் இந்தச் சோதனையில் தெரியாது. நம்ப வேண்டியது அடுத்ததை: ஒவ்வொரு பச்சைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே ஓ.எல். வர வேண்டும். வேறு எந்த எண் வந்தாலும் வார்னிஷ் கருகிக் கம்பி இரும்பைத் தொட்டுவிட்டது.

கேள்வி கேட்டவர்

பச்சைக்கும் பச்சைக்கும் 0.6, மீட்டருக்குக் கழித்தது போக. பிளாக்குக்கு 38 ஓம்ஸ்.

பதில் 1

ஸ்டேட்டர் போய்விட்டது. ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். மூன்று போல்ட் வைத்துத் திருகும் புல்லரைத்தான் பயன்படுத்துங்கள். விளிம்பைக் கொக்கி போட்டு இழுத்தால் ஃப்ளைவீல் வளையும், உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விடும். கிராங்கின் நுனியில் நேராகச் சுத்தியல் போடக் கூடாது.

கழற்றியதும் காந்தங்களைக் கையால் தடவிப் பாருங்கள். வெந்த ஸ்டேட்டரிலிருந்து வழிந்த பிசின் கறுப்புப் புளியம்பழக் கோது மாதிரி அங்கே ஒட்டியிருக்கும். இரும்புத் துகளும் சேர்ந்திருக்கும். முழுவதும் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் புது ஸ்டேட்டரில் உரசும். கிராங்கின் கூம்பும் ஃப்ளைவீலின் உள்கூம்பும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். ஃப்ளைவீல் கிராங்கில் நழுவாமல் பிடிக்கும் அரைவட்டச் சாவி (சிறு உலோகத் துண்டு) நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.

ரெக்டிஃபையர் உட்காரும் இடத்தில் பெயிண்ட், உப்புப் பூத்தது எல்லாம் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். அதன் சூடு இறங்குவது அந்த இடத்தின் வழியாகத்தான், எர்த்தும் சில மாடல்களில் அதுவேதான்.

பதில் 2

ஒயரைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். செம்பு சிவப்பாக இல்லாமல் கரி பிடித்திருந்தால் உப்புத்தண்ணீர் உறைக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். பளபளப்பு வரும்வரை வெட்டிவிட்டு, ஈயம் பூசிய செம்பு ஒயரைக் கிரிம்ப் செய்து (அழுத்தி இணைத்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். சால்டரை மட்டும் நம்பினால் அதிர்வில் அந்த ஓரத்திலேயே அறும். பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளும் மாற வேண்டும். ஃபிஷ் ஃபைண்டர், ஜி.பி.எஸ். ஒயரில் இருக்கும் சின்ன ஃபியூஸ்களையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஸ்டேட்டர், ரெக்டிஃபையர் இரண்டும் மாற்றியாயிற்று. எர்த் கேபிளின் முனையில் இரண்டு அங்குலம் கரி, வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தேன். ஐடிலில் 12.9, 3000 ஆர்.பி.எம்.மில் 14.1 வோல்ட். முள் வேலை செய்கிறது. வாடை இல்லை.

பதில் 1

14.1 நல்ல அளவு. ரெகுலேட்டர் இல்லாத அமைப்பு என்பதால் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடியபின் ஒருமுறை அளந்து பாருங்கள். 15ஐத் தாண்டினால் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், வாரம் ஒருமுறை மட்டம் பார்க்க வேண்டியிருக்கும். பேட்டரி முனையில் இறக்கை நட்டு இருந்தால் எடுத்துவிட்டு லாக் நட்டு போடுங்கள். ஓட்டத்தில் பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் ஏறும் வோல்ட் நேராக மீட்டர்களைத்தான் தாக்கும். ப்ளஸ் கேபிளின் நுனியில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள்.