ஏழு ஆண்டுகளைத் தின்றது யார்?

மருதன்:
“ஐதராபாத்தில் ஒன்பதே நாளில் நீதி கிடைத்தது, தில்லியில் நீதிமன்றம் ஏழு ஆண்டுகள் இழுத்தடித்தது” என்று கொற்றவை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2019 நவம்பர் 27 இரவு ஒரு கால்நடை மருத்துவர் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 விடியற்காலையில், பிடிபட்ட நால்வரும் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாலத்தின் மேலிருந்து மக்கள் காவலர்கள் மீது பூத் தூவியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி விசாரணை இல்லை, இவர்கள்தான் செய்தார்கள் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. இதை நீதி என்று அழைப்பவர்கள், தில்லி வழக்கின் ஏழு ஆண்டுகளையும் சேர்த்து நீதிமன்றத்தின் தலையில் கட்டுகிறார்கள். தில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்ட ‘நிர்பயா’ வழக்கு அது. 2012 டிசம்பர் 16 அன்று நடந்த குற்றத்திற்கு 2013 செப்டம்பர் 13 அன்றே விரைவு நீதிமன்றம் நால்வருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2014 மார்ச் 13 அன்று உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதில் ஏழு ஆண்டுகள் எங்கே இருக்கின்றன?

கொற்றவை:
தூக்கிலிட்டது 2020 மார்ச் 20 அன்று. எண்ணிப் பாருங்கள் ஐயா, ஏழு ஆண்டு மூன்று மாதம். உயர்நீதிமன்றத்தோடு கணக்கை முடித்துக்கொண்டீர்களே, உச்ச நீதிமன்றம் 2017 மே 5 வரை எடுத்துக்கொண்ட மூன்று ஆண்டுகளை யார் பெயரில் எழுதுவது? அதன் பிறகும் 2020இல் ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3 என்று மூன்று முறை நாள் குறித்தார்கள், மூன்று முறையும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் அந்த மாணவியின் தாய் நீதிமன்ற வாசலில் கண் கலங்கி நின்றதைப் பார்த்த பிறகும் “எங்கே இருக்கின்றன” என்று கேட்க உங்களுக்கு மட்டும்தான் மனம் வரும்.

மருதன்:
மூன்று ஆண்டுகளை நான் மறைக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் பாய்கிறீர்கள். என் கேள்வி அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றியது. தில்லி வழக்கின் நால்வரில் மூவர், தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்டுப் போட்ட சீராய்வு மனுக்களை உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 9 அன்றே தள்ளுபடி செய்துவிட்டது. “கருணை மனு போடுவதென்றால் ஏழு நாளுக்குள் போடுங்கள்” என்று சிறை நிர்வாகம் கைதிகளுக்கு அறிவிப்புக் கொடுத்ததோ 2019 அக்டோபர் இறுதியில். இடையில் பதினைந்து மாதங்கள் அந்தக் கோப்பு மேசையை விட்டு நகரவில்லை. 2017 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு தூக்கு ஆணை பெற யாருமே முயற்சி எடுக்கவில்லை என்று தில்லி உயர்நீதிமன்றமே 2020 பிப்ரவரி 5 அன்று கண்டித்தது. அந்தப் பதினைந்து மாதத்திற்கு எந்த நீதிபதி பொறுப்பு?

கொற்றவை:
நால்வரும் ஒன்றாகவா மனுப் போட்டார்கள்? ஒருவர் தன் சீராய்வு மனுவை 2019 டிசம்பரில்தான் கொண்டு வந்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக, சீராய்வும் தோற்றபின் உச்ச நீதிமன்றத்திலேயே போடும் குறைதீர் மனு, கருணை மனு. அதற்கெல்லாம் இடம் கொடுத்த அமைப்பைத்தான் நான் நீதிமன்றம் என்கிறேன். சிறை வேறு, நீதிமன்றம் வேறு என்று பிரித்துக் காட்டுவது சட்டம் படித்தவர்களுக்கு இனிக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எல்லாம் ஒரே கதவுதான்.

பனையோலை:
நான் கொற்றவையின் பக்கம். ஒரு கத்திக்குத்து வழக்கில் நான் நேரில் பார்த்த சாட்சி. சம்மன் வரும்போதெல்லாம் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், காலை பத்து மணியிலிருந்து நீதிமன்றத் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நிற்பேன். மதியம் பெயரைக் கூப்பிடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா என்பார்கள். ஆறு முறை இப்படி நடந்தது. குத்தியவர் எனக்கு நான்கடி தள்ளி நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏழாவது முறை கூண்டில் ஏறியபோது, கத்தியை எந்தக் கையில் பிடித்திருந்தார் என்று கேட்டார்கள். நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இடது கை என்று சொல்லிவிட்டேன். முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் வலது கை என்று இருந்ததாம். அவர் விடுதலையாகிவிட்டார். பூத் தூவியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

செங்காந்தள்:
பனையோலையின் வேதனை புரிகிறது. ஆனால் பூ யார் மீது விழுந்தது என்பதையும் பாருங்கள். ஐதராபாத்தில் அன்று இரவு மகளைக் காணவில்லை என்று ஓடிய மருத்துவரின் குடும்பத்தாரை, இது எங்கள் எல்லை இல்லை என்று ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்திற்கு அலைய விட்டது அதே காவல்துறைதான். அதற்காக மூன்று காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கொற்றவை அப்போது இங்கேயே அந்தப் பெண்ணின் பெயரையும் படத்தையும் போட்டு “நீதி வேண்டும்” என்று எழுதியதை நான் மறக்கவில்லை. வல்லுறவுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவுப்படி, அதுவே குற்றம். நீக்கச் சொன்னதற்கு என்னைக் குற்றவாளிகளின் தோழி என்றார்.

கொற்றவை:
நாடே அந்தப் பெயரை எழுதியது. ‘திஷா’ என்று அழைக்குமாறு காவல்துறை கேட்டுக்கொண்டதும் நானும் நீக்கிவிட்டேன். அதைச் சொல்லாமல் நீக்கச் சொன்னதை மட்டும் சொல்கிறீர்கள்.

செங்காந்தள்:
நீக்கியது நான்கு நாள் கழித்து. அதற்குள் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மருதன்:
அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஐதராபாத் துப்பாக்கிச் சூட்டை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் என்ன சொன்னது என்று இங்கே ஒருவர்கூடப் பேசவில்லை. கைதிகள் ஆயுதத்தைப் பறித்துச் சுட்டார்கள் என்ற காவல்துறையின் கதையை நம்ப முடியாது என்றும், கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டார்கள் என்றும் ஆணையம் எழுதியது. நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் அது கண்டது. தில்லி வழக்கில் பிடிபட்ட, 18 வயது நிரம்பாத சிறுவனுக்கு மூன்று ஆண்டுதானா என்று 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தபோது கொதித்தவர்கள், அவனும் விசாரிக்கப்பட்ட பிறகே தண்டிக்கப்பட்டான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐதராபாத்தின் இந்த மூவருக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவர்கள் குற்றவாளிகளாகவே இருந்திருக்கலாம். அதை நிரூபிக்கும் வழியை அடைத்தது யார்?

கொற்றவை:
ஆணையத்தை நீங்களே இழுத்ததால் கேட்கிறேன். ஆறு மாதத்தில் அறிக்கை தர வேண்டும் என்று 2019 டிசம்பரில் அமைத்தார்கள். அறிக்கை மக்கள் கைக்கு வந்தது 2022 மே மாதம். நான் சொல்லும் இழுத்தடிப்புக்கு உங்கள் சாட்சியே சான்று தருகிறது. அந்தச் சிறுவனைப் பற்றி அன்று நீங்கள் எழுதியதும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணுக்காக ஒரு வரி இல்லாமல் முழுப் பக்கமும் அவனுடைய வறுமையைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

பனையோலை:
அதை நானும் படித்தேன்.

மருதன்:
முழுவதும் படித்திருந்தால், சிறார் வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்று, தில்லி குற்றத்திற்குப் பிறகு சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அரசு அமைத்த வர்மா குழு கூறிய காரணத்தைத்தான் நான் விளக்கினேன் என்பது தெரிந்திருக்கும். அந்தக் குழு வந்து குவிந்த எண்பதாயிரம் கருத்துகளைப் பரிசீலித்து 29 நாளில் அறிக்கை கொடுத்தது. விரைவு வேண்டும் என்பவர்கள் அதையல்லவா எடுத்துக்காட்ட வேண்டும்? பேச்சை எங்கே திருப்பினாலும் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. 2018 ஜூலை 9 முதல் 2019 அக்டோபர் வரை பதினைந்து மாதங்கள் அந்தக் கோப்பு யார் கையில் இருந்தது? அதற்கு ஒரு வரிகூடப் பதில் எழுதாமல் ஏழு ஆண்டு, ஏழு ஆண்டு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கொற்றவை:
2014 மார்ச் முதல் 2017 மே வரை அது யார் கையில் இருந்தது என்று முதலில் நீங்கள் எழுதுங்கள். உங்கள் பதினைந்து மாதத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் எழுதுகிறேன்.